பெருவழியும் சுங்கமும்: ஓய்மானாட்டுச் சாலையிலிருந்து சில எண்ணங்கள்

தமிழில் ‘சுங்கம்’ என்னும் சொல்லுக்கு நற்பெயர் வாய்த்ததே இல்லை. திருச்சிக்கு வடக்கே கொள்ளிடத்தைக் கடந்ததும் வரும் ஊருக்கு ‘நம்பர் ஒன் டோல்கேட்’ என்பதே பெயர். கோவையில் ஒரு சாலைச் சந்திப்பு ‘சுங்கம்’ என்றே வழங்குகிறது. சென்னைத் தண்டையார்ப்பேட்டையில் ‘டோல்கேட்’ ஒரு பேருந்து நிறுத்தமாக நிலைத்துவிட்டது. அவ்விடங்களில் தண்டியவர் யார், தண்டிய பணம் எங்கே சென்றது என்பன மக்கள் நினைவிலிருந்து அகன்றுவிட்டன. வழிமறித்த செயல் மட்டும் ஊர்ப்பெயராய் நின்றுவிட்டது.

நெரிசல் மிக்க நகரின் நடுப்பகுதிக்குள் கார் ஓட்டி நுழைவோரிடம் கட்டணம் பெறும் முறை சிங்கப்பூரில் தொடங்கி இலண்டன், ஸ்டாக்ஹோம், நியூயார்க் எனப் பரவியிருக்கிறது. நம் பெருநகரங்களுக்கும் அது தேவை என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. எழும்போதெல்லாம் ‘இன்னுமொரு வரியா?’ என்ற சலிப்பே முதல் விடையாக வருகிறது. இந்தச் சலிப்பை அறியாமை என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. அதற்கு இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையை அடியாகக் கொண்டு அவ்வரலாற்றை இங்கே எண்ணிப் பார்க்கிறோம்.

அச்சாலை செல்லும் நிலம் பழைய ஓய்மானாடு. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடனின் கிடங்கில், இன்று திண்டிவனம் நகருள் அடங்கிய கிடங்கல். அப்பாட்டு பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. கடற்கரையில் எயிற்பட்டினம், முல்லை நிலத்தில் வேலூர், மருத நிலத்தில் ஆமூர் என்று ஒவ்வோர் ஊரிலும் என்ன உணவு கிடைக்கும் என்றுகூடச் சொல்லி அழைத்துச் செல்கிறது. வழிப்போக்கனை விருந்தினனாகக் காணும் பார்வை அது. சற்று வடக்கே, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் வேறொரு காட்சி உண்டு. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து செல்லும் பெருவழியில், கிளைவழிகள் பிரியுமிடத்தில், வில்லேந்தியோர் காவல் நிற்க உல்கு தண்டப்படுகிறது. ‘உல்கு’ என்பதே சுங்கத்திற்குத் தமிழின் பழஞ்சொல். குறளும் அதனை அரசனின் வருவாய்களுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆக, நம் இலக்கியத்தில் சுங்கம் முதன்முதல் தோன்றும்போதே அதனருகில் வில்லும் இருக்கிறது. அந்த வில் வணிகனைக் கள்வரிடமிருந்து காக்கவா, வணிகன் உல்கு செலுத்தாமல் நழுவாதிருக்கவா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டிற்கும் ஒரே வில் உதவியிருக்க வேண்டும். காவலுக்குக் கூலியாக ஒரு பங்கு என்பதே அன்றைய சுங்கத்தின் நியாயம்.

காவல் தளர்ந்து பங்கு மட்டும் வளரும்போது அந்நியாயம் கரைந்துவிடுகிறது. 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கந்தவிர்த்த சோழன்’ என்னும் பட்டம் வாய்த்தது. கடாரமும் கங்கையும் கொண்ட மரபில் வந்தவனுக்குத் தண்டாமல் விட்டதன் பொருட்டு ஒரு பட்டம்! 1077இல் எழுபத்திரண்டு பேர் கொண்ட தூதுக்குழுவைச் சீனத்துக்கு அனுப்பிய மன்னன் அவன்; வணிகத்தின் ஓட்டம் எங்கே தடைப்படுகிறது என்பதை அறிந்திருக்கக்கூடும். அவ்விலக்கு பேரரசு முழுவதற்குமா, சோழநாட்டுக்கு மட்டுமா, எத்தனை காலம் நீடித்தது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. பிற்காலக் கல்வெட்டுகளில் சுங்கம் மீண்டும் தலைகாட்டுகிறது. தவிர்த்தவனின் பெயர் கல்லில் நின்றதுபோலத் தவிர்ப்பு நிலத்தில் நிற்கவில்லை.

இஸ்லாமியச் சட்ட வரலாற்றிலும் இதே இழுபறியைக் காண்கிறோம். அரபியில் இரு சொற்கள் உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஒன்று ‘உஷூர்’, மற்றொன்று ‘மக்ஸ்’. முஸ்லிம் வணிகர் அயல்நாடு செல்லும்போது அங்கே பத்திலொரு பங்கு தண்டப்படுகிறது என்று அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) எழுத, கலீஃபா உமர் (ரலி) அந்நாட்டு வணிகரிடம் அதே அளவு பெறுமாறு ஆணையிட்டார். தம் ஆட்சிக்குட்பட்ட முஸ்லிமல்லாதாரிடம் அதில் பாதியும், முஸ்லிம்களிடம் கால்பங்கும் பெறப்பட்டன. முஸ்லிம் செலுத்திய நாற்பதிலொரு பங்கு அவருடைய ஸகாத்தாகவே கணக்கிடப்பட்டது. சிறுவணிகரின் சரக்குக்கு விலக்கும் இருந்தது. இவற்றையெல்லாம் ஹாரூன் ரஷீதின் காலத்தில் காழீ அபூயூசுஃப் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் தொகுத்துரைக்கிறார்.

அந்நூலில் வரும் ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தஃக்லிப் குலத்தைச் சேர்ந்த கிறித்தவர் ஒருவர் குதிரையுடன் சாவடியைக் கடந்தார். இருபதாயிரம் திர்ஹம் என்று மதிப்பிட்டு அதிகாரி ஸியாத் இப்னு ஹுதைர் வரி பெற்றார். அதே ஆண்டில் அவர் அவ்வழியே திரும்பியபோது மீண்டும் கேட்கப்பட்டது. ஒவ்வொருமுறை கடக்கும்போதும் செலுத்த வேண்டுமெனில் குதிரையே மிஞ்சாது என்று கண்ட அவர் மக்காவுக்குச் சென்று கலீஃபாவிடம் முறையிட்டார். உமர் (ரலி) சுருக்கமாகவே மறுமொழி கூறினார். தம் முறையீடு எடுபடவில்லை என்றெண்ணி, இரண்டாம் முறையும் செலுத்திவிடத் துணிந்தவராக அம்மனிதர் திரும்பினார். ஆனால் அவர் சாவடியை அடையுமுன் கலீஃபாவின் கடிதம் அங்கே சேர்ந்திருந்தது: ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் பெறலாகாது என்று. சாவடியில் நிற்கும் அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல் வரியை ஒரு விதிக்குள் அடக்கியது இக்கடிதம். பயனடைந்தவர் ஆட்சியாளரின் சமயத்தவர் அல்லர் என்பதும் குறிக்கத்தக்கது.

மக்ஸ் இதற்கு நேர்மாறு. விதியின்றி, ஈடாக எதுவும் தராமல், கடப்பவனைத் தடுத்துப் பறிப்பதை அச்சொல் குறிக்கிறது. அத்தகைய சுங்கம் தண்டுவோனைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழிகள் ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளன. எனினும் முஸ்லிம் அரசுகள் மக்ஸ் தண்டாமல் இருந்தன என்று நாம் சொல்ல இயலாது. தண்டின, தாராளமாகவே தண்டின. 1183இல் கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர், அலெக்சாந்திரியாத் துறையில் பயணிகளின் மூட்டைகள் குடையப்பட்டதை மனம் நொந்து எழுதியிருக்கிறார். அதே பயணி ஸலாஹுத்தீன் அய்யூபியை வாழ்த்தவும் செய்கிறார். செங்கடலைக் கடக்கும் ஹாஜிகளிடம் தலைக்கு இத்தனை தீனார் என்று பறிக்கப்பட்டு வந்த மக்ஸை அச்சுல்தான் ஒழித்திருந்தார். ஒழித்ததோடு நில்லாமல், அவ்வருவாயை இழந்த மக்கா அமீருக்கு ஈடாக ஆண்டுதோறும் பொற்காசும் கோதுமையும் அனுப்பினார். சுங்கத்தை ஒழிக்கும் ஆணை எளிது. அதை நம்பி வாழ்ந்தவனுக்கு மாற்று வழி செய்யாவிடில் அவன் வேறொரு பெயரில் தண்டுவான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தில்லியில் அவ்வறிவு போதவில்லை. ஃபீரோஸ் ஷா துக்ளக் (1351–1388) தாம் ஒழித்த வரிகளைத் தம் ‘ஃபுதூஹாத்’தில் பட்டியலிட்டார். ஜஹாங்கீர் 1605இல் அரியணை ஏறியதும் வெளியிட்ட பன்னிரு கட்டளைகளில் முதலாவதே வழிச்சுங்க விலக்கு. ஔரங்கசீப் தம் ஆட்சியின் தொடக்கத்தில், பஞ்சத்தை முன்னிட்டு, ‘ராஹ்தாரீ’ என்னும் வழிவரியை நீக்கினார். அவ்வாணை பெரிதும் பயனற்றுப் போயிற்று, ஃபவ்ஜ்தார்களும் ஜமீன்தார்களும் தண்டுவதை நிறுத்தவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் காஃபீ கான். ஒரே வரியை மூன்று நூற்றாண்டுகளில் மூவர் ஒழிக்க நேர்ந்ததென்றால் அது ஒழியவில்லை என்றே பொருள். 1377இல் ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன் இதன் காரணத்தை ஆட்சியின் வயதில் கண்டார். இளமையில் ஆட்சியின் தேவைகள் சிறியவை, வரிகளும் குறைவு. முதுமையில் ஆடம்பரமும் படைச்செலவும் பெருகும்போது சந்தை வாயிலிலும் நகர வாயிலிலும் புதுப்புது மக்ஸ்கள் முளைக்கின்றன. அவை வணிகத்தை நலியச் செய்து ஆட்சியையும் உடன்கொண்டு போகின்றன என்பது அவர் முடிவு.

எல்லாச் சுங்கமும் வெறுக்கப்பட்டதா என்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும். சோழர் காலத்து ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் தம் சரக்கின் ஒவ்வொரு பொதிக்கும் இத்தனை என்று தாமே விதித்துக்கொண்டு கோயில் முதலிய அறங்களுக்கு அளித்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பிரான்மலைக் கல்வெட்டில் அத்தகைய சரக்குகளின் நீண்ட பட்டியலே இருக்கிறது. இதுவே ‘மகமை’ என்று வழங்கியது. காயல்பட்டினம் முதலான நம் கடற்கரை ஊர்களில் மரைக்காயர் வணிகர் பள்ளிவாசல்களுக்கென மகமை அளித்துவந்ததை நம் வாசகர் அறிவர். கொடுக்கும் கை ஒன்றே. உல்குச் சாவடியில் முணுமுணுத்த அதே வணிகன் மகமையை மறுக்கவில்லை. தொகை எவ்வளவு, யார் விதித்தார், எங்கே போகிறது ஆகிய மூன்றும் அவன் கண்முன் இருந்தன.

1698இல் செஞ்சி முகலாயர் வசமாயிற்று. ராஹ்தாரீ விலக்கு ஆணைக்கு அப்போது ஏறத்தாழ நாற்பது வயது. ஆயினும் ஆர்க்காட்டு நவாபுகளின் காலம் முழுவதும் ‘சாயர்’ என்ற பெயரில் உள்நாட்டுச் சுங்கம் தொடர்ந்தது. 1801இல் கர்நாடகத்தின் ஆட்சி கும்பினியின் கைக்கு மாறியபோது சாயரும் உடன் மாறியது. தண்டும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. குத்தகைக்காரன் தன் முதலை மீட்கும் வேகத்தில் இருந்தான். உள்நாட்டு நெசவாளனின் துணி தறியிலிருந்து துறைமுகம் சேருமுன் பல சௌக்கிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. வங்காளத்தில் இக்கொடுமையைச் சார்லஸ் டிரெவெல்யன் தம் அறிக்கையில் வெளிப்படுத்திய பின் அங்கே 1836இல் அது நீங்கியது. சென்னை மாகாணம் மேலும் எட்டாண்டு காத்திருந்தது.

அந்த 1844ஆம் ஆண்டின் ஆறாம் சட்டத்தை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். உள்நாட்டு வழிச்சுங்கத்தை ஒழிப்பது அதன் முதல் நோக்கம். கடல்வழி ஏற்றுமதி இறக்குமதித் தீர்வைகளைத் திருத்துவது அடுத்தது. மூன்றாவது, உள்நாட்டு நுகர்வுக்கு உப்பு எந்த விலையில் விற்கப்படும் என்று நிர்ணயிப்பது! வண்டிப்பாதையில் இழந்த வருவாய் ஏழையின் கஞ்சிக் கலயத்திலிருந்து ஈடுசெய்யப்பட்டது. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் உண்டு. அங்கே உப்பு வாரியவனுக்கும் அதை வாங்கி உண்டவனுக்கும் சுங்க விலக்கு எப்படிப்பட்ட விடுதலையாக விளங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஸலாஹுத்தீன் தம் கருவூலத்திலிருந்து ஈடு கொடுத்தார். கும்பினி எளியோரின் உப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரு வரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், அது நீங்கினால் அதன் இடத்தில் எது வரும் என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உள்நாட்டுச் சுங்கம் போன பின்பும் இப்பகுதியினருக்கு ஒரு சாவடி எஞ்சியிருந்தது. விழுப்புரத்திலிருந்து கிழக்கே ஒருமணிப் பயணத்தில் பிரெஞ்சு எல்லை. அதுவும் நேர்கோடாக இல்லாமல் ஊருக்குள் ஊராகப் பின்னிக் கிடந்த எல்லை. 1949இல் சுங்க உடன்பாட்டை இந்திய அரசு முடித்துக்கொண்ட பின், 1954 நவம்பர் முதல் நாளில் புதுச்சேரி நம்முடன் இணையும் வரை, அங்கே சோதனை கடுமையாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுங்கம் வேறொரு முகத்துடன் மீண்டது. வட இந்தியாவிலும் பம்பாய் மாகாணத்திலும் நகராட்சிகள் ‘ஆக்ட்ராய்’ என்னும் நுழைவுத் தீர்வையைச் சரக்கின் மீது விதித்தன. சென்னை மாகாணத்து நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் வண்டியின் மீது விதித்தன. நம் ஊர்ப்பெயர்களில் வாழும் டோல்கேட்டுகள் பல அக்காலத்தவை. மோட்டார் பேருந்துகள் வந்தபோது ஒவ்வோர் ஊர் எல்லையிலும் நின்று செலுத்துவது பெருந்தொல்லையாயிற்று. 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் ஒரே வரியை மாகாணம் முழுவதற்கும் விதித்து, சாவடிகளை அகற்றி, வருவாய் இழந்த உள்ளாட்சிகளுக்கு ஈட்டுத்தொகை அளிக்க வகைசெய்தது. ஸலாஹுத்தீனின் வழி இது.

இதுவரை நாம் கண்டவை அனைத்தும் வருவாய்க்கான சுங்கங்கள். கடப்பவன் எத்துணை பேராயினும் அரசுக்கு மகிழ்ச்சியே. கூட்டம் பெருகப் பெருகக் கருவூலம் நிறையும். நெரிசல் கட்டணத்தின் நோக்கம் அதுவன்று. கூட்டம் குறைய வேண்டும் என்பதற்காகவே விதிக்கப்படும் கட்டணம் அது. அதன் முன்னோடியைத் தேட நாம் சுங்க வரலாற்றை விட்டு வேறோர் இடத்துக்குப் போக வேண்டும். ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் பகற்பொழுதில் சுமைவண்டிகள் நகருள் நுழைவதைப் பெரும்பாலும் தடைசெய்தது. இஸ்லாமிய நகரங்களில் அப்பணி ‘முஹ்தஸிப்’ என்னும் சந்தைக் கண்காணிப்பாளரிடம் இருந்தது. பதினோராம் நூற்றாண்டின் மாவர்தீ, பொதுவழியை நெருக்கும் கட்டடங்களைத் தடுப்பதை அவர் கடமைகளுள் சேர்க்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதிய ஷைஸரீ இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார்: விறகுக்கட்டு, வைக்கோற்பொதி, தண்ணீர்த்துருத்தி முதலியவற்றைச் சுமந்த விலங்குகள் கடைவீதிக்குள் புகலாகாது, அவை மக்கள் ஆடையைக் கிழிக்கும், நனைக்கும், நெருக்கும்.

விறகு கொணர்பவன் குற்றவாளி அல்லன். அவன் தொழில் ஹலாலானது, ஊருக்குத் தேவையானது. ஆயினும் குறுகிய தெருவில் அவன் சுமை பிறர்மேல் உரசுகிறது. வழியில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று, வழிக்கு அதற்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்னும் நபிமொழிகளை ஓதியறிந்தவர் அவ்வறிஞர். பாதைக்கு உரிமை உண்டு என்பது அவர்களுக்கு வெறும் உருவகமன்று. அதை நிலைநாட்ட ஊதியம் பெறும் அதிகாரியே இருந்தார். இருபதாம் நூற்றாண்டில் ஆர்தர் பிகூ என்ற பொருளியலாளர் 1920இலும், பின்னர் வில்லியம் விக்ரீ விரிவாகவும் சொன்னது ஏறத்தாழ இதுவே: நெரிசல் நேரத்தில் சாலையில் இறங்கும் ஒவ்வொரு காரும் மற்றவர் அனைவர் நேரத்திலும் சிறிது பறிக்கிறது, பறித்ததற்கு ஈடு செலுத்தவில்லை. முஹ்தஸிப் தடுத்த இடத்தில் அவர்கள் விலை வைத்தனர்.

அதனை முதன்முதலில் நடைமுறைப்படுத்திய நகரம் தமிழர்க்கு அயலன்று. 1975 ஜூன் 2ஆம் நாள் சிங்கப்பூர் தன் நகர மையத்தைச் சுற்றி எல்லை வகுத்து, காலை 7.30 மணி முதல் நுழையும் கார்களிடம் நாளுக்கு மூன்று வெள்ளி உரிமச்சீட்டு கோரியது. 1826இல் சூலியா முஸ்லிம்கள் தோற்றுவித்த ஜாமிஆ பள்ளிவாசல் நிற்கும் சவுத் பிரிட்ஜ் சாலையும் அவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. கண்ணாடியில் ஒட்டிய காகிதச் சீட்டை நுழைவாயிலில் நின்ற காவலர் கண்ணால் பார்த்தனர்; வேறு கருவி எதுவும் இல்லை. பேருந்துகளுக்குக் கட்டணமில்லை. நால்வரேனும் அமர்ந்து வரும் காருக்கும் இல்லை. காலை நேர ஊர்தி வரத்து நாற்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. 1989இல் பகிர்ந்து செல்லும் கார்களுக்கான விலக்கு நீங்கி, மாலை நேரமும் சேர்ந்தது. 1998இல் மின்னணு முறை வந்து, நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்பக் கட்டணம் மாறலாயிற்று.

இலண்டன் 2003 பிப்ரவரி 17இல் ஐந்து பவுனுடன் தொடங்கியது. எத்தனை முறை கடந்தாலும் நாளுக்கு ஒரே கட்டணம். தஃக்லிப் குலத்தவரின் முறையீட்டுக்கு அங்கே இடமிராது. நிகர வருவாய் குறைந்தது பத்தாண்டுக்குப் போக்குவரத்து மேம்பாட்டுக்கே செலவிடப்பட வேண்டும் என்று சட்டமே சொன்னது. மகமையின் இயல்பு இதில் உண்டு. ஸ்டாக்ஹோம் 2006இல் ஏழு மாதம் சோதித்துப் பார்த்து, பிறகு மக்களிடம் வாக்குக் கேட்டு, 2007இல் நிலைநிறுத்தியது. சோதனைக்கு முன் எதிர்த்தவர் பலர், வீதி வெறிச்சோடியதைக் கண்ட பின் மனம் மாறினர். நியூயார்க் பல்லாண்டு வழக்காடி 2025 ஜனவரி 5இல்தான் தொடங்கியது.

விரும்பத்தகாத வரி எப்போது ஏற்கத்தக்கதாகிறது என்பதற்கு ஃபிக்ஹ் அறிஞர் வகுத்த நிபந்தனைகள் உண்டு. மங்கோலியரை எதிர்க்கப் படைதிரட்டிய குதுஸ், மக்கள்மீது வரி விதிக்க அனுமதி கேட்டபோது, இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் மறுக்கவில்லை. கருவூலம் வெறுமையாக இருக்க வேண்டும், முதலில் அமீர்கள் தம் பொன்னணிகளையும் விலையுயர்ந்த பொருள்களையும் கொணர வேண்டும், அதன்பின்னரே பொதுமக்களிடம் போகலாம் என்றார். அவ்வாறே செய்யப்பட்டு, 1260 செப்டம்பரில் ஐன் ஜாலூத் போர் நிகழ்ந்தது. தேவை மெய்யானதாக இருத்தல், வல்லவனிடம் முதலில் பெறுதல், பெற்ற நோக்கத்துக்கே செலவிடல், தேவை தீர்ந்ததும் நிறுத்தல் என்று இதனை விரிக்கலாம்.

இவ்வளவுகோலை நம் சாலையில் வைத்துப் பார்ப்போம். முன்பு 45ஆம் எண் பெற்றிருந்த நெடுஞ்சாலை நான்கு வழியான பின், விழுப்புரத்திலிருந்து சென்னை செல்பவர் விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என மூன்று சாவடிகளைக் கடக்கிறார். சாலை மேம்பட்டது உண்மை. புறவழி வந்ததால் திண்டிவனமும் விழுப்புரமும் தொலைதூர லாரிகளிலிருந்து விடுபட்டதும் உண்மை. ஆனால் இது சாலைச் செலவை மீட்கும் கட்டணம். நள்ளிரவிலும் அதே தொகை, பண்டிகை நாளிலும் அதே தொகை, நாற்பது பேரைச் சுமக்கும் பேருந்துக்கு ஒற்றை ஆள் அமர்ந்த காரைவிடப் பன்மடங்கு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அச்சாவடிகளே நெரிசலின் ஊற்றாகின்றன. திறந்துவிடுங்கள் என்ற கோரிக்கை ஆண்டுதோறும் எழுகிறது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பின் வரிசை சுருங்கியதே தவிர மறையவில்லை. நெரிசலைக் கரைக்கச் சிங்கப்பூர் வைத்த வாயிலும் நெரிசலைப் படைக்கும் நம் வாயிலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால்தான் நம் மக்கள் இரண்டையும் ஒரே சொல்லால் வைகின்றனர்.

இந்தியாவில் நுழைவைக் குறைக்கவென்றே விதித்த கட்டணம் என்று தில்லியைச் சொல்லலாம். 2015இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி அந்நகருள் புகும் சரக்கு ஊர்திகளிடம் சுற்றுச்சூழல் ஈட்டுக் கட்டணம் பெறப்பட்டது. சிறியவற்றுக்கு 700 ரூபாய், பெரியவற்றுக்கு 1,300. லாரி செலுத்திற்று, கார் செலுத்தவில்லை. தமிழ்நாட்டில் உயர்நீதிமன்றம் விலையின்றி எண்ணிக்கையால் தடுத்தது: 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 ஊர்திகள், வார இறுதியில் 8,000 என்ற வரம்பு. உள்ளூர் ஊர்திகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் அவ்வரம்பு இல்லை. முஹ்தஸிபின் முறைக்கு இது நெருங்கியது.

சென்னையின் வாயிலிலோ வேறொன்று நடந்தது. நகருக்குள் நெரிசல் குறைய வேண்டும் என்பதற்காக 2023 டிசம்பர் 30இல் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 2024 ஜனவரி இறுதியில் விழுப்புரம் கோட்டப் பேருந்துகளும் கோயம்பேட்டை விட்டு அங்கே மாறின. அக்கோட்டத்தின் முன்னோடியான தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் விழுப்புரத்தில் தோன்றியது 1975இல். சிங்கப்பூர் பேருந்தை வரவேற்றுக் காரைத் தடுத்த அதே ஆண்டு. முனையம் திறந்தபோது அதனருகே ரயில் நிலையம் இல்லை. நகரின் மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ கடைவீதிக்கோ செல்லும் திண்டிவனத்துப் பயணி, மூட்டையுடன் இறங்கி, மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்து, மீண்டும் ஒரு சீட்டு எடுத்து, ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் செல்ல வேண்டியதாயிற்று. நேரத்தாலும் பணத்தாலும் அவர் செலுத்தியதும் நெரிசல் கட்டணமே. அப்பெயரால் அதனை எவரும் அழைக்கவில்லை.

முனையத்தை அங்கே அமைத்ததை நாம் குறைகூறவில்லை; பெருநகருக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். வரிசை முறைதான் தலைகீழ். இஸ்ஸுத்தீனிடம் இதைக் கொண்டு சென்றிருந்தால், அமீர்களின் பொன் எங்கே என்று முதலில் கேட்டிருப்பார். அதே ஜி.எஸ்.டி. சாலையில் விழுப்புரத்திலிருந்து தம் காரில் தனியே வருபவர் மூன்று சாவடிகளையும் கடந்து, கிளாம்பாக்கத்தைத் தாண்டி, தடையேதுமின்றி அண்ணா சாலை வரை சென்றார். அவர் பக்கத்து இருக்கையும் பின்னிருக்கையும் வெறுமையாக இருந்தன.